மருந்து வாடைத் தண்ணியும் ஒரு மில்லி ஆம்பூலும்

மக்களே, இது கெமிஸ்ட்ரி பதிவுதான். ஆனா சமன்பாடு ஒண்ணுகூட கிடையாது. தைரியமா உள்ளே வாங்க.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் தண்ணீரில் இரண்டே வகைதான். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. போர் போட்டால் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. நல்ல தண்ணி என்றால் ஒன்று மழை பெய்து ஊருணியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் தாமிரபரணியிலிருந்து மாவட்டம் தாண்டி குழாயில் வரவேண்டும். திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு குண்டாறு ஓடுகிறது என்று படித்திருப்பீர்கள். (ரமண மகரிஷி 1879ல் பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வருகிறார்கள், ஆற்றைத் தேடுகிறார்கள், மணலையும் சீமைக்கருவேலையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.) வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அது ஆறு இருந்த இடம்.

ஆக, குழாய்தான் கதி. அந்தக் குழாய்த் தண்ணீரைப் பற்றி எங்கள் தெருவில் ஒரே புகார்: "மருந்து வாடை". தண்ணி விட்டதும் முதல் குடத்தைச் சாக்கடையில் கொட்டுவது பழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கள் அப்பத்தா இன்னும் ஒரு படி மேலே. "இதை மனுசன் குடிப்பானா?" என்று கேட்டுவிட்டு, கிராமத்துக்குப் போனால் ஊருணித் தண்ணியைத்தான் துணியில் வடிகட்டிக் குடிப்பார். கொஞ்சம் காசு இருக்கிற வீடுகளில் 20 லிட்டர் கேன்.

இதுக்கு நடுவில் வாட்ஸப். "குளோரின் கலந்த தண்ணீர் குடித்தால் புற்றுநோய், பகிருங்கள்". சித்தி அனுப்பினார், பக்கத்து வீட்டு அக்கா அனுப்பினார், கடைசியில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிறவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னிடமே விளக்கம் கேட்டார்கள். அது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல்.

1974ல் நெதர்லாந்தில், ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் யோகன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆற்றுத் தண்ணீரில் குளோரின் போடுவதற்கு முன் இல்லாத குளோரோஃபார்ம், போட்ட பிறகு இருக்கிறது. மனுஷன் அதற்கு முன் பியர் ஆலையில் வேலை பார்த்தவர். பியருக்கு மேலே நிற்கும் காற்றில் இருக்கும் வாசனைப் பொருட்களை அளக்கும் உத்தியைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தார், மாட்டிக்கொண்டது. அதே வருஷம் அமெரிக்காவிலும் பெல்லார், லிக்டன்பெர்க், குரோனர் என்ற மூவர் தனியாக இதையே கண்டுபிடித்தார்கள்.

நடப்பது இதுதான். மக்கிய இலை, பாசி, மண்ணிலிருந்து கரைந்து வரும் கரிமப் பொருட்கள் தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். குளோரின் கிருமியைக் கொல்லும்போது இவற்றையும் கடிக்கிறது. அந்தக் கடியில் பிறப்பவைதான் கிருமிநீக்கத் துணைவிளைபொருட்கள். அதில் மூத்த குடும்பம் டிரைஹாலோமீத்தேன், நாலு பேர்: குளோரோஃபார்ம், புரோமோடைகுளோரோமீத்தேன், டைபுரோமோகுளோரோமீத்தேன், புரோமோஃபார்ம். 1976ல் குளோரோஃபார்ம் எலிக்கும் சுண்டெலிக்கும் புற்றுநோய் உண்டாக்குகிறது என்று அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனம் அறிக்கை விட்டது. 1979ல் அமெரிக்காவில் நாலும் சேர்த்து லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தார்கள்; 1998 விதியில் அதை 80 ஆக்கினார்கள். நம் ஊரிலும் வரம்பு உண்டு. இந்தியத் தர நிர்ணயம் 10500, 2012ஆம் வருடப் பதிப்பு: லிட்டருக்கு குளோரோஃபார்ம் 200, புரோமோடைகுளோரோ 60, மற்ற இரண்டும் தலா 100 மைக்ரோகிராம்.

அவசரப்பட்டுக் குழாயை மூடிவிடாதீர்கள். எலிக்குக் கொடுத்த அளவு வேறு, நம் செம்பில் இருப்பது வேறு. அதோடு உலக சுகாதார நிறுவனம் இந்த வரம்புகளைச் சொல்லும்போதே, இவற்றைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கிருமிநீக்கத்தில் கை வைக்கக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. வயிற்றுப்போக்கு நாளைக்கே ஆளைச் சாய்க்கும். டிரைஹாலோமீத்தேன் ஆயுசு பூராவும் குடித்தால் வரலாம் என்கிற ஆபத்து. 1991ல் பெரு நாட்டில் காலரா வெடித்தபோது, இந்தப் பயத்தில் குளோரினைக் குறைத்ததுதான் காரணம் என்று எழுதினார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் அது அவ்வளவு நேரான கதை இல்லை, குழாய்களும் குளோரின் போடும் ஏற்பாடுமே பாழாய்க் கிடந்தன என்றார்கள். காரணம் எதுவானாலும், குளோரின் இல்லாத குழாயில் காலரா எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

எனக்குப் பயமும் அதுதான். அப்பத்தா போகிற ஊருணியில் குளோரினும் இல்லை, காவலும் இல்லை. மருந்து வாடையைப் பார்த்துப் பயந்து அங்கே போகிறவர்களிடம் "பரவாயில்லை, குடிங்க" என்று நான் சொல்ல வேண்டுமானால் கையில் ஒரு எண் வேண்டும். எங்கள் தெருக் குழாயில் டிரைஹாலோமீத்தேன் எவ்வளவு? இதைத் தேடிப் புறப்பட்டுத்தான் இந்தப் பதிவின் உண்மையான நாயகனிடம் வந்து சேர்ந்தேன்.

முதலில், எங்கள் பகுதியில் ஏன் இந்தக் கேள்வி கொஞ்சம் கனமானது என்று சொல்லிவிடுகிறேன். டிரைஹாலோமீத்தேன் உருவாக வேண்டியவை கரிமப் பொருள், குளோரின், நேரம், சூடு. ரொம்ப தூரம் குழாயில் வருகிற தண்ணீருக்கு நேரம் தாராளம். தண்ணீர் தினமும் வராது, அதனால் தொட்டியிலும் அண்டாவிலும் நாள்கணக்கில் கிடக்கும். சூட்டைப் பற்றி எங்கள் ஊர்க்காரனிடம் கேட்கவே வேண்டாம். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, புரோமைடு. உப்புத் தண்ணியில் குளோரைடுடன் சேர்ந்து இருக்கக் கூடிய ஆசாமி. தனியாக இருந்தால் சாது. குளோரின் பட்டதும் ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாறி, குளோரினை விட வேகமாகக் கரிமப் பொருளைத் தாக்கும். ஆற்றுத் தண்ணி பத்தாத நாளில் போர் தண்ணியையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிப் பிளீச்சிங் பவுடர் போட்டால், குளோரோஃபார்முக்குப் பதில் புரோமின் உள்ள மற்ற மூவர் கூட வாய்ப்பு அதிகம்.

இதில் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? உலக சுகாதார நிறுவனம் நாலுக்கும் தனித்தனி அளவு சொல்லி (அங்கே குளோரோஃபார்முக்கு 300, மற்றவை நம்முடையது போலவே), இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றின் அளவையும் அதனதன் வரம்பால் வகுத்து நாலையும் கூட்டினால் 1ஐத் தாண்டக் கூடாது. சும்மா ஒரு கற்பனைத் தண்ணீரை எடுங்கள். குளோரோஃபார்ம் 100, புரோமோடைகுளோரோ 30, டைபுரோமோகுளோரோ 30. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் வரம்புக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. கூட்டினால் 0.33, 0.5, 0.3. மொத்தம் 1.13. ஃபெயில். குளோரோஃபார்மை மட்டும் அளந்து "மூணில் ஒரு பங்குதான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டிருந்தால்?

சரி, எப்படி அளப்பது? டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. தண்ணீரில் சில சொட்டு விட்டால் மஞ்சள் ஏறும். பெட்டியோடு வந்த வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்து, மீதிக் குளோரின் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். நல்ல பெட்டி, நல்ல வேலை. ஆனால் அதில் டிரைஹாலோமீத்தேனைப் பார்க்க முடியாது. அதற்கு வாயு நிறப்பகுப்பு எந்திரம் வேண்டும், அதாவது கேஸ் குரோமட்டோகிராஃப். கூடவே எலக்ட்ரான் கவரும் கண்டறிவான்.

அந்த எந்திரம் என்ன தரும் தெரியுமா? ஒரு கோடும், அதில் சில மேடுகளும். அவ்வளவுதான். "6ஆவது நிமிஷத்தில் ஏதோ வந்தது, மேட்டின் பரப்பு இவ்வளவு" என்று சொல்லும். வந்தது யார் என்றும் சொல்லாது, எத்தனை மைக்ரோகிராம் என்றும் சொல்லாது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கினாலும் எந்திரம் இந்த விஷயத்தில் பச்சைக் குழந்தை. இதுதான் குளோரோஃபார்ம், இவ்வளவு குளோரோஃபார்ம் என்று நாம்தான் முதலில் காட்டித் தரவேண்டும். அப்படிக் காட்டித் தருகிற, அளவு சரியாகத் தெரிந்த சரக்குதான் ஒப்பீட்டுத் தரப்பொருள். லேப்பில் எல்லோரும் ஸ்டாண்டர்டு என்போம்.

நம்ம ஊர் ஆசாரிக்கு இது புதுசே இல்லை. உரைகல்லில் உங்கள் நகையை ஒரு கோடு இழுப்பார், பக்கத்திலேயே மாற்று தெரிந்த ஆணியால் இன்னொரு கோடு. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் மாற்று சொல்வார். ஆணி இல்லாவிட்டால் கல்லில் இருப்பது வெறும் மஞ்சள் கோடு. ஆணிப்பொன் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்ததாக எழுதியிருக்கிறது. எடை என்று மொட்டையாக எழுதாமல், எந்தக் கல்லால் நிறுத்தோம் என்று கல்லுக்குப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அந்தப் புத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்போது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் 'பாரதீய நிர்தேஷக் திரவ்ய' என்ற பெயரில் இந்தியத் தரப்பொருட்களை வெளியிடுகிறது. 2018ல் வந்த தூய தங்கத் தரப்பொருளின் பெயர் பிஎன்டி-4201. ஆடவல்லான் அளவுக்குக் கம்பீரம் இல்லை, ஆனால் வேலை அதே வேலை.

டிரைஹாலோமீத்தேனுக்கான ஆணி எப்படி இருக்கும்? பழுப்புக் கண்ணாடி ஆம்பூல், உள்ளே ஒரே ஒரு மில்லி மெத்தனால். வழக்கமாகக் கிடைக்கும் கலவையில் நாலு பேரும் மில்லிக்கு 2000 மைக்ரோகிராம் வீதம் கரைந்திருப்பார்கள். அந்த ஒரு மில்லியை 12 லிட்டர் குடம் எட்டில் கலந்தால் ஒவ்வொன்றும் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் சொச்சம் வரும். நாம் அளக்கப்போகிற சமாச்சாரம் எவ்வளவு துளி என்பது இதிலிருந்தே தெரியும். கூடவே ஒரு சான்றிதழ்: அளவு, அதன் ஐயப்பாட்டு எல்லை, எந்த மூல அளவோடு தொடர்புடையது, எத்தனை நாள் செல்லும். தயாரிப்பவர் ஐஎஸ்ஓ 17034 அங்கீகாரம் பெற்றவரா என்று பார்க்கவேண்டும். விலை ஆயிரங்களில்.

"லேப்பில்தான் குளோரோஃபார்ம் பாட்டில் பாட்டிலாக இருக்கே, நாமே கலக்கினால் என்ன?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பாட்டில் குளோரோஃபார்மில் அது கெடாமல் இருக்க எத்தனாலோ அமிலீனோ கலந்திருக்கும். பிப்பெட்டில் எடுக்கும்போதே பாதி காற்றில் போகும். நிறுக்கும் தராசு நல்லதாக இருந்து, கை வேகமாக இருந்து, தூய்மையைத் தனியாக நிரூபித்தால் செய்யலாம்தான். ஆனால் மற்ற மூன்றுக்கு எங்கே போவது? எலக்ட்ரான் கவரும் கண்டறிவானுக்கு ஓரவஞ்சனை ஜாஸ்தி, நாலு பேருக்கும் ஒரே மாதிரி துடிக்காது. குளோரோஃபார்ம் மேட்டை வைத்துப் புரோமோஃபார்மைக் கணக்குப் போடுவது, ஒரு கடைப் படிக்கல்லை வைத்து இன்னொரு கடைத் தராசைத் திட்டுவது மாதிரி.

இன்னொரு வேடிக்கை. கரைப்பானாகக் குளோரோஃபார்ம் புழங்குகிற லேப்பின் காற்றிலேயே அது இருக்கும், சுத்தமான தண்ணீரிலும் போய் உட்காரும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி வடித்தால் போய்விடுமா என்றால், 61 டிகிரியில் கொதிக்கிற சரக்கு ஆவியோடு ஆவியாக அதுவும் மறுபக்கம் வந்துவிடும். அதனால் ஒன்றுமே இல்லாத தண்ணீரைத் தயாரித்து, அதில் ஒன்றும் இல்லை என்று காட்டுவதே அரை நாள் வேலை. அப்புறம் ஒரே ஆணியை நம்பக்கூடாது. முதல் ஆம்பூலை வைத்து எந்திரத்தைப் பழக்கினால், வேறு தயாரிப்பாளரின் ஆம்பூலைக் கொடுத்து அது சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்கவேண்டும். ஆம்பூலை உடைத்துவிட்டால் ஆயுசு குறைவு, குளிரில் வைக்கவேண்டும். மே மாசம் கூரியர் வேனில் ரெண்டு நாள் வெயிலில் சுற்றிவிட்டு வந்தது என்றால் சான்றிதழில் இருக்கும் எண் எனக்கு ஆறுதல் தராது.

இதெல்லாம் புரிந்த பிறகு, எங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுத் தண்ணீருக்கு ஒரு தனியார் ஆய்வகத்தில் எடுத்த அறிக்கையைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். டிரைஹாலோமீத்தேன் என்ற வரியில் 'கண்டறியப்படவில்லை'. எந்த முறை என்று இல்லை. எந்த அளவுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாது என்கிற எல்லை இல்லை. நாலில் எதற்கெல்லாம் ஸ்டாண்டர்டு வைத்திருந்தார்கள் என்றும் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் வழக்கமாப் போடுறதில்ல தம்பி" என்றார்கள். 'தேடினோம், இல்லை' என்பதற்கும் 'தேடவே இல்லை' என்பதற்கும் காகிதத்தில் ஒரே வார்த்தை. அந்த வீட்டுக்காரர் அதை லேமினேஷன் பண்ணி வைத்திருக்கிறார்!

ஆணி இல்லாததால் கண்ணெதிரே இருந்தும் பெயர் தெரியாமல் போனதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. அமெரிக்காவில் பல ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் போடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் பெயர் தெரியாத ஒரு பொருள் இருப்பது 1980களிலேயே தெரியும். யார் என்று மட்டும் தெரியவில்லை. 2024 நவம்பரில்தான் ஜூலியன் ஃபேரி குழு அதைத் தயாரித்துப் பிரித்து, அது குளோரோநைட்ரமைடு அயனி என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் கோடிக்கணக்கான பேர் குடித்த தண்ணீரில் இருந்தது. கெடுதலா இல்லையா என்ற ஆராய்ச்சியே இனிமேல்தான்.

நம் நாட்டில் யாருமே பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். 1990லேயே மெட்ராஸ் குடிநீரில் டிரைஹாலோமீத்தேன் பற்றி ராஜன், அசரியா, பாவர் மூவரும் ஒரு ஜெர்மன் இதழில் எழுதியிருக்கிறார்கள். 2015 வாக்கில் தன்பாத் ஐஎஸ்எம் ஆய்வாளர்கள் கிழக்கு மாநிலங்களின் சுத்திகரிப்பு நிலையங்களில் அமெரிக்க வரம்பான 80ஐத் தாண்டிய அளவுகளைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பெரிய நகரம், பெரிய நிலையம் என்றுதான் இவை போகின்றன. குழாயின் கடைசி முனையில், தண்ணீர் ரொம்ப நேரம் கிடந்து வருகிற கரிசல் காட்டுத் தெருக்களுக்கு யாரும் பாட்டில் எடுத்துக்கொண்டு வரவில்லை. டிரைஹாலோமீத்தேன் அதிகம் இருக்க வாய்ப்புள்ளது அந்த முனையில்தான் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம்.

இடைக்காலத்துக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று அக்கா கேட்டார். அகலமான பாத்திரத்தில் மூடாமல் கொதிக்கவிட்டால் டிரைஹாலோமீத்தேனில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மருந்து வாடையும் போகும். ஆறின பிறகு மூடி வைக்கணும், ஏன்னா காவலுக்கு இருந்த குளோரினும் போயாச்சு. அதே துணைவிளைபொருட்களில் ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் என்று இன்னொரு குடும்பம் இருக்கிறது. எல்லாம் இப்படிக் கொதியில் போகாது. (அவற்றுக்கான ஆம்பூல் மெத்தனாலில் வராது. மெத்தனாலோடு சேர்ந்து எஸ்டராகிவிடும் என்பதால் வேறொரு கரைப்பானில் வரும். விலையும் வேறு.) அதனால் கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்று அக்காவிடம் நான் சொல்லவில்லை. ஊருணித் தண்ணியை விட இது மேல் என்று மட்டும் சொன்னேன். அதற்கு எண் தேவையில்லை.

என் ப்ராஜெக்ட் கைடு நாலு பேர் உள்ள கலவைக்கும், சோதிக்க இரண்டாவது ஆம்பூலுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஹாலோஅசிட்டிக்குக்குக் காசு பத்தவில்லை. 40 மில்லிக் குப்பிகள் வந்துவிட்டன. குளோரினின் வேலையை அங்கேயே நிறுத்துவதற்கான பொடியை முன்னாடியே போட்டு, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு குமிழிகூட ஏறக்கூடாது. வெறும் தண்ணீரில் பழகிக்கொண்டிருக்கிறேன், இப்போது பத்துக்கு எட்டு குமிழி இல்லாமல் வருகிறது. அடுத்த தடவை தண்ணி விடுகிற அன்னிக்கு எங்கள் தெருவில் முதல் பத்து நிமிஷம் ஒன்று, கடைசியில் ஒன்று, அப்புறம் அதே தண்ணி தொட்டியில் ஐந்து நாள் கிடந்த பிறகு ஒன்று. வால்வு திறக்கிற அண்ணனிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். "ராத்திரி ரெண்டு மணிக்கும் வரும் தம்பி, முழிச்சிருப்பியா?" என்கிறார்.